தொட்டியும் கூடவே வளர்ந்தது

கண்ணாடிக்காரர் அன்று காலை பல் துலக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தார். இனி பால்கனி அவருடையது. முடிவை உடனே வீட்டுக்கு அறிவித்தார். வாய் நிறைய நுரை இருந்ததால் அறிவிப்பு விளங்கவில்லை. கொப்பளித்துவிட்டு வந்து மறுபடி அறிவித்தார்.

"பால்கனியில நான் பூ வளக்கப் போறேன்."

மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அது மூன்றாவது முயற்சி.

"எந்தப் பால்கனியில?"

"நமக்கு எத்தனை பால்கனி இருக்கு?"

"ஒண்ணுதான். அங்கதான் என் மெஷின் வரப் போகுது."

விஷயம் இதுதான். பதினோரு வருஷமாக அவள் அடுத்த தெருவில் இருந்த தையல்கடை ஒன்றில் வேலை செய்துவந்தாள். கடைக்கார அம்மா வயதாகிவிட்டது என்று கடையை மூடப்போகிறார். அவள் உட்கார்ந்து தைத்த மெஷினை அவளுக்கே கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். இனிமேல் வீட்டிலேயே சொந்தமாகத் தைப்பது என்று அவள் தீர்மானித்து, பால்கனியை மனதுக்குள் அளந்தும் வைத்திருந்தாள். அந்த வீட்டில் வெளிச்சம் தாராளமாக வருகிற ஒரே இடம் அது.

"மெஷினை ஹால்ல போட்டுக்கோயேன்."

"ஹால்ல வெளிச்சம் பத்தாது."

"அதுக்கென்ன, கண்ணாடியில பவரைக் கொஞ்சம் கூட்டித் தர்றேன்."

"போன தடவை நீங்க கூட்டித் தந்தப்பதான் ஒரு சட்டைக்கு மூணு கை வச்சேன்."

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். ஊரில் பாதிப் பேருக்குப் பவர் எழுதிக் கொடுத்தவர். வீட்டில் தனக்கு எவ்வளவு பவர் என்பதை மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

பூ வளர்க்கும் ஆசை அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. முந்தின வாரம் வந்தது. கண்ணாடியின் காதுப்பிடியை வளைத்துச் சரிசெய்ய வந்த ஒரு வாடிக்கையாளர், கைபேசியில் ஒரு பூவின் படத்தைக் காட்டினார். ரத்தச் சிவப்பு. இதழெல்லாம் பின்னால் சுருண்டு, நடுவிலிருந்து கம்பி கம்பியாக நாலாபக்கமும் நீட்டிக்கொண்டு, மல்லாந்து கிடக்கிற சிலந்தியைப் போல இருந்தது. சிவப்புச் சிலந்தி லில்லி, அபூர்வமான பூ, லேசில் பூக்காது என்றார் வாடிக்கையாளர்.

"இதுவா? எங்க வீட்டுல இருக்கே," என்றார் கண்ணாடிக்காரர்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது. மூன்றே நாளில் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் கண்ணாடியை விட்டுவிட்டுப் பூவை விசாரிக்க ஆரம்பித்தார்கள். எப்போது பார்க்க வரலாம் என்று கேட்டார்கள். பூத்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லி அனுப்புகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டார். சொன்ன பொய்யை இனிமேல் மண்ணில் போட்டு முளைக்கவைக்க வேண்டும்.

செடிக்கடையில் ஐந்து கிழங்குகள் வாங்கி வந்தார். கிழங்குகளோடு ஓர் அச்சடித்த தாளும் இருந்தது. அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்தார். அவர் மற்றவர்களைப் படிக்க வைக்கிறவர். தான் படிக்கிற பழக்கம் விட்டுப்போய் நாளாகிறது. அகலமான ஒரு கறுப்புத் தொட்டியில் ஐந்தையும் நட்டார்.

"வெங்காயத்தை எதுக்குப் புதைக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"வெங்காயம் இல்ல. சிலந்தி லில்லி."

"சிலந்தி இந்தப் பால்கனியில ஏற்கெனவே நிறைய இருக்கே. ஒட்டடை அடிங்கன்னு ஆறு மாசமாச் சொல்றேன்."

"சிலந்தி வேற, சிலந்தி லில்லி வேற."

"சரி. லில்லி எப்ப வரும்?"

"வரும்."

"மெஷின் இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வரும். அதுக்குள்ள வருமா?"

"தாராளமா வரும்."

"வந்தா பால்கனி உங்களுக்கு. வரலன்னா எனக்கு. எதிர்வீட்டு அண்ணனைக் கூப்பிடுறேன்."

எதிர்வீட்டு அண்ணன் முப்பது வருஷம் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுவதைத்தான் நிறுத்தியிருந்தார், தீர்ப்புச் சொல்வதை நிறுத்தவில்லை. மாடிப்படியில் யார் முதலில் இறங்குவது என்று இரண்டு பேர் தயங்கினால்கூட வந்து முடிவு சொல்லிவிட்டுப் போவார். ஒரு காலத்தில் ஆட்டக்காரர்களின் தப்புகளைக் குறித்துவைத்த பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். கெடுவுக்குள் சிவப்புப் பூ பூத்தால் பால்கனி கணவருக்கு, இல்லாவிட்டால் மனைவிக்கு என்று எழுதினார். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

கண்ணாடிக்காரர் அன்றிலிருந்து தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். காலையில் ஒரு வாளி. சாயங்காலம் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு வாளி. மதியம் சாப்பிட வந்தால் கை கழுவுகிற சாக்கில் அரை வாளி. தொட்டியில் மண் இருந்தது போய், மண் போட்ட தண்ணீர் இருந்தது. ஒரு வாரம் கழிந்தது. ஒன்றும் தலைகாட்டவில்லை.

"என்னங்க, நீச்சல் தெரிஞ்ச செடியா அது?"

"ஈரம் வேணும்மா அதுக்கு."

"ஈரம் வேற, மூழ்கடிக்கிறது வேற."

இரண்டாவது வாரமும் போயிற்று. கடையில் கேள்விகள் அதிகமாயின. இலை விட்டதா, மொட்டு வைத்ததா, எத்தனை கொத்து என்று கேட்டார்கள். ஒருவர் கேட்டதற்கு ஆறு கொத்து என்று சொல்லிவிட்டார். கிழங்கே ஐந்துதான் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமையும் குறித்தாகிவிட்டது, அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னதில், அது மெஷின் வருகிற அதே கடைசி ஞாயிறாக அமைந்துவிட்டது.

இரண்டாவது வாரக் கடைசியில் கண்ணாடிக்காரர் நம்பிக்கை இழந்தார். கிழங்கு செத்துவிட்டது என்று முடிவு கட்டினார். மனைவி வேலைக்குப் போயிருந்த ஒரு மதியத்தில் கடையைச் சாத்திவிட்டு நேராகச் செடிக்கடைக்குப் போனார்.

"சிலந்தி லில்லி வேணும். பூக்கப் போற செடியா."

செடிக்கடைக்காரர் அவசரமே படாத மனிதர். உள்ளே போய், பட்டை பட்டையான இலைகளும் நடுவே தடித்த தண்டின் உச்சியில் பச்சை மொட்டுகளுமாக ஒரு தொட்டியைத் தூக்கி வந்தார்.

"சிலந்தி லில்லிதான். பத்து நாள்ல விரியும்."

"சிவப்புத்தானே?"

"பூத்தா பாருங்க, கண்ணை எடுக்க மாட்டீங்க."

இதைக் கண்ணாடிக்காரர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து பழைய தொட்டியை இடுப்பில் வைத்து இறக்கினார். ஒவ்வொரு படியிலும் தொட்டி அவர் மேல் கொஞ்சம் தண்ணீர் சிந்தியது. கட்டடத்தின் பின்பக்கம், குழாய் இறங்குகிற சுவரோரம் அதை வைத்துவிட்டுப் புதுத் தொட்டியைப் பால்கனியில் ஏற்றினார். இதுவும் கறுப்புத் தொட்டிதான். ஈரமான சட்டையை மாற்றிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவர் போலப் போய்க் கடையைத் திறந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி பால்கனி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"செடி வந்துடுச்சு போல இருக்கு."

"ஆமா. நானும் இப்பதான் பாக்குறேன்."

"காலையில வெறும் மண்ணு."

"கிழங்குச் செடிங்க அப்படித்தான். உள்ளுக்குள்ளயே வளந்துக்கிட்டு இருக்கும். திடீர்னு ஒரே தள்ளா வெளிய வந்துடும்."

"இலை, தண்டு, மொட்டு எல்லாம் சேத்தா?"

"எல்லாம் சேத்து."

அவள் குனிந்து பார்த்தாள்.

"தொட்டியும் ஒரு சுத்து பெருத்திருக்கு."

கண்ணாடிக்காரர் தொட்டியைப் பார்த்தார். நிஜமாகவே பெரியது. கடையில் மொட்டைப் பார்த்தாரே தவிர, தொட்டியைப் பார்க்கவில்லை.

"ஈரத்துல ஊறியிருக்கும்," என்றார்.

"பிளாஸ்டிக்கா?"

"இந்தக் காலத்துப் பிளாஸ்டிக்கை நம்ப முடியாதும்மா."

மனைவி உள்ளே போனாள். காபி போட்டுக் கொடுத்தாள். வழக்கத்தைவிட நன்றாக இருந்தது. அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும். காபி நன்றாக இருந்ததால் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை அவளே நடுவர் அண்ணனை அழைத்து வந்தாள்.

"அண்ணே, அந்த ஒப்பந்தத்துல ஒரு வரி சேக்கணும். யாரோட தொட்டியில கெடுவுக்குள்ள சிவப்புப் பூ வருதோ அவங்களுக்குப் பால்கனி. அப்படி எழுதுங்க."

"யாரோட தொட்டின்னா? உனக்குத் தொட்டியே இல்லையேம்மா," என்றார் நடுவர்.

"எனக்கும் ஒண்ணு வளத்துப் பாக்கலாம்னு ஆசையா இருக்கு. இவரைப் பாத்துதான் வந்துச்சு."

கண்ணாடிக்காரருக்கு உள்ளம் குளிர்ந்தது. தன்னுடையது மொட்டு வைத்துவிட்டது. இவள் இனிமேல் கிழங்கு வாங்கி, நட்டு, முளைத்து, என்று கணக்குப் போட்டார். பேனாவை அவரே எடுத்துக் கொடுத்தார்.

"எழுதுங்க அண்ணே. ஆசைப்படுறா. போட்டின்னு இருந்தாத்தான் நல்லது."

எழுதினார். கையெழுத்தானது.

"அப்புறம் இன்னொண்ணு," என்றாள் மனைவி. "பின்பக்கம் குழாய்க்கிட்ட ஒரு தொட்டி கிடக்கு. வெறும் மண்ணுதான். யாரோடதுன்னு தெரியல. உங்களுதா?"

நடுவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கிக் கண்ணாடிக்காரரைப் பார்த்தார்.

"என்னுதா? என்னுது இங்கல்ல இருக்கு," என்றார் கண்ணாடிக்காரர்.

"நல்லாத் தெரியுமா? அப்புறம் என்னுதுன்னு வரக்கூடாது."

"யாரோ வேண்டாம்னு போட்டது. எடுத்துக்கோ. நானே சொல்றேன், எடுத்துக்கோ."

"அண்ணே, இதையும் ஒரு வரி எழுதிக்கிறீங்களா?"

அதையும் எழுதினார்.

அவள் தொட்டியைச் சாய்த்து, தேங்கிய தண்ணீரையெல்லாம் வடித்தாள். கிழங்குகளின் கழுத்துவரை மண்ணை விலக்கிவிட்டாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே இருந்த சிமெண்ட் மேடையில் வெயில் படும்படி வைத்தாள். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை. இதைக் கண்ணாடிக்காரர் ஒவ்வொரு நாளும் கவனித்தார். பால்கனிக்குப் போகும்போதும் வரும்போதும் சமையலறையில் தலையை நீட்டி விசாரித்தார்.

"தண்ணி ஊத்தலியா?"

"இல்ல."

"காஞ்சிடப் போகுது."

"தூங்குறவங்களை எழுப்பி எதுக்குத் தண்ணி குடிக்கச் சொல்லணும்?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. தையல் தெரிந்தவளுக்குத் தாவரம் எங்கே தெரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டார். மறுவாரத் தொடக்கத்தில் இரண்டு நாள் விடாமல் மழை கொட்டியது. அவர் தன் செடி நனையாமல் குடை பிடித்து வைத்தார். அவள் தன் தொட்டியை அப்படியே நனையவிட்டாள். செத்த கிழங்குக்குக் குளியல் வேறா என்று அவர் அனுதாபப்பட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே பென்சில்களைப் போல நான்கு தண்டுகள் நின்றன. இலை ஒன்றுகூட இல்லை. மொட்டையாக, மண்ணிலிருந்து நேராக.

"என்னது இது, குச்சி குத்தி வச்சிருக்கே?"

"நான் குத்தல. அதுவா வந்துச்சு."

"இலை இல்லாம பூச்செடியா? களைச்செடி எதாவது முளைச்சிருக்கும். பிடுங்கிப் போடு."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் இருக்கட்டும்," என்றாள்.

அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரரின் மொட்டு விரிந்தது. அவர் அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, விரிவதைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஒல்லி ஒல்லியான இதழ்கள் ஆறு வெளியே வளைந்தன. நடுவில் மெல்லிய ஜவ்வில் செய்த ஒரு கிண்ணம் விரிந்தது. வாசனை வீடு முழுவதும் பரவியது. எல்லாம் சரி, நிறம்தான் வெள்ளை. சலவைக்குப் போட்டு எடுத்த வெள்ளை.

மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

"அழகா இருக்கு."

"ஆமா."

"வெள்ளையா இருக்கு."

"முதல்ல வெள்ளையாத்தான் இருக்கும். அப்புறம் சிவக்கும்."

"எப்ப?"

"வெக்கப்படும்போது," என்று சொல்லிவிட்டு அவர் எழுந்துபோனார்.

சனிக்கிழமை முழுக்க அது வெட்கப்படவில்லை. வெட்கப்பட வேண்டியவர் வேறு யாரோ என்பதைப் போல நிமிர்ந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நடுவர் அண்ணன் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். விசிலைக் கழுத்தில் போட்டிருந்தார். ஊத உத்தேசம் இல்லை, மரியாதைக்குத்தான். முதலில் பால்கனிக்குப் போனார். பூவைச் சுற்றிவந்து பார்த்தார்.

"இது வெள்ளை."

கண்ணாடிக்காரர் தயாராக இருந்தார். கடையிலிருந்து ஓர் அட்டைப் புத்தகம் கொண்டுவந்து வைத்திருந்தார். பல வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே எண் ஒளிந்திருக்கும். நிறம் பிரிக்கத் தெரியாதவர்களைக் கண்டுபிடிக்க அது உதவும்.

"அண்ணே, வயசானா நிறம் மாறித் தெரியும். சகஜம்தான். இதுல என்ன நம்பர் இருக்குன்னு சொல்லுங்க."

நடுவர் அட்டையை வாங்கவே இல்லை.

"தம்பி, முப்பது வருஷம் சிவப்பு அட்டை காட்டினவன் நான். சிவப்பு எதுன்னு எனக்குத் தெரியும். நீங்க எனக்கு அட்டை காட்டாதீங்க."

"சரி, வெள்ளைன்னே வச்சுக்குவோம். சிலந்தி லில்லிதானே?"

"சிலந்தி லில்லின்னு ஒப்பந்தத்துல இல்லையே. சிவப்புப் பூன்னு இருக்கு."

அப்போதுதான் மனைவி முந்தானையில் செருகியிருந்த ஒரு தாளை எடுத்தாள். நாலாக மடித்தது, தண்ணீர் பட்டுக் காய்ந்ததில் ஓரமெல்லாம் சுருங்கியிருந்தது.

"உங்க சட்டையைத் துவைக்கப் போட்டப்ப பையில இருந்துச்சு. கிழங்கோட வந்த தாளு. படிக்கட்டுமா அண்ணே?"

"படிம்மா."

"சிவப்புச் சிலந்தி லில்லி. பூவும் இலையும் ஒண்ணையொண்ணு பாக்காது. மொட்டைத் தண்டுல பூ வரும், அது வாடின பிறகுதான் இலை. கோடையில தூங்கும். தூங்கும்போது தண்ணி வேண்டாம். கிழங்கோட கழுத்து மண்ணுக்கு மேல தெரியணும். காய்ஞ்சு கிடந்து நல்ல மழை பெஞ்சா சட்டுன்னு தண்டு விடும்." அவள் தாளைத் திருப்பினாள். "இது சிவப்போட சேத்துக் குழப்பிக்கக்கூடாதது. வெள்ளைச் சிலந்தி லில்லி. இதுக்குப் பட்டை இலை, பூக்கும்போதும் கூடவே இருக்கும். நடுவுல கிண்ணம் இருக்கும்."

மூன்று பேரும் வெள்ளைப் பூவின் நடுவிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார்கள். அது இல்லையென்று சொல்லமுடியாதபடி இருந்தது.

"வாங்க அண்ணே," என்று அவள் சமையலறைக்கு அழைத்துப்போனாள்.

ஜன்னலுக்கு வெளியே நான்கு மொட்டைத் தண்டுகளின் உச்சியிலும் சிவப்பு வெடித்திருந்தது. இதழ்கள் பின்னால் சுருண்டு, கம்பிகள் நாலாபக்கமும் நீண்டு, கைபேசியில் பார்த்த அதே பூ. அதைவிடச் சிவப்பு.

கண்ணாடிக்காரர் தண்டுகளை எண்ணினார். ஐந்து கிழங்கில் நான்கு அவர் ஊற்றிய தண்ணீரையும் தாண்டிப் பிழைத்திருந்தன. அவர் வாங்கிய கிழங்குகள். அவர் நட்ட கிழங்குகள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார். வேறு வழி ஏதாவது இருந்திருந்தால் அதைச் செய்திருப்பார்.

"அண்ணே, அது என் தொட்டி."

"அப்ப பால்கனியில இருக்கிறது?"

"அதுவும் என் தொட்டி. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி மாத்தி வச்சேன்."

நடுவர் நோட்டைத் திறந்து ஏதோ குறித்துக்கொண்டார். பழைய பழக்கத்தில் நேரத்தையும் எழுதினார்.

"ஆட்டத்துக்கு நடுவுல ஆள் மாத்தினா நடுவர்கிட்ட சொல்லணும் தம்பி. நீங்க சொல்லல. அது ஒரு தப்பு. வெளிய போன ஆள் மறுபடி உள்ள வர முடியாது. அது விதி. வெளிய போன ஆளை எதிரணி எடுத்துக்கலாம்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்படி ஒண்ணை என் அனுபவத்துல நான் பாத்ததில்ல."

தீர்ப்பைச் சொல்லிவிட்டு மெஷினைத் தூக்கிவர ஆள் போதுமா என்று அவளிடம் விசாரித்தார்.

கண்ணாடிக்காரர் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"தொட்டி வளந்த அன்னிக்கே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க பழசைத் திரும்பக் கொண்டுவந்து, மறுபடியும் வாளி வாளியா ஊத்தியிருப்பீங்க. பாவம், கிழங்கு என்ன தப்பு செஞ்சுது?"

மத்தியானத்துக்குள் மெஷின் வந்து பால்கனியில் உட்கார்ந்தது. சிவப்புத் தொட்டியை அவள் அதன் பக்கத்திலேயே வைத்தாள். வெள்ளையை அவர் தூக்கிப்போடப் போனபோது தடுத்து, அதையும் இன்னொரு பக்கம் வைத்தாள். அதன் மேல் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மூன்று மணிக்குக் கடை வாடிக்கையாளர்கள் வர ஆரம்பித்தார்கள். மொத்தம் ஒன்பது பேர். பூவைப் பார்த்தார்கள். அசந்துபோனார்கள். எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்டார்கள். கண்ணாடிக்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவி கழுத்து, வெயில், மழை, தூக்கம் என்று எல்லாவற்றையும் விளக்கினாள். அப்படியே அவர்கள் கண் மெஷின் மேல் போயிற்று. ஒருவர் தன் சட்டை தோளில் பிடிப்பதாகச் சொன்னார். இன்னொருவர் திரைச்சீலை தைக்க முடியுமா என்று கேட்டார். நாலரை மணிக்குள் ஐந்து பேர் அளவு கொடுத்துவிட்டார்கள். அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. கண்ணாடிக்காரர் பிடித்தார். குண்டூசிப் பெட்டியை நீட்டச் சொன்னாள். நீட்டினார்.

ஒரு வாடிக்கையாளர் தன் அக்காவையும் கூட்டிவந்திருந்தார். அந்த அம்மா கண்ணாடிக்கடைப் பக்கமே வராதவர், நல்ல பார்வை. கண்ணாடிக்காரரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவர் மனைவியிடம் கேட்டார்.

"உதவிக்கு ஆள் வச்சிருக்கீங்க போல?"

"இன்னிக்குத்தான் சேந்திருக்கார்," என்றாள் அவர் மனைவி. "நல்ல மாதிரி. நிறம் மட்டும் இன்னும் பிடிபடல."